இண்டி கேம்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள், அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள், சித்தப்பா பையன்கள் என்று ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் முழுக்க என் சொந்த அபிப்ராயம். சண்டைக்கு வரலாம், தப்பில்லை.

இண்டி கேம்னா என்னங்க? சின்னதா, பிக்சல் பிக்சலா இருந்தா இண்டியா?

பெரிய பப்ளிஷரின் பணமும், அந்தப் பணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் உத்தரவுகளும் இல்லாமல், ஒருவரோ ஒரு சின்னக் குழுவோ தங்கள் இஷ்டப்படி செய்தது. பிக்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 2015-இல் வந்த அண்டர்டேல் பிக்சல்தான். டென்மார்க்கின் பிளேடெட் குழு 2016-இல் வெளியிட்ட இன்சைட் பிக்சல் இல்லை. இரண்டுமே இண்டிதான்.

ஆனால் நான் தேடுவது அந்த முத்திரையை அல்ல. ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு, ‘இது விற்காது, கொஞ்சம் மாத்து’ என்று மேலிருந்து சொல்ல ஆள் இல்லாத தைரியத்தில் அதைக் கடைசி வரை விடாமல் பிடித்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். அந்தப் பிடிவாதம் தெரிகிற கேம் எனக்குப் பிடித்துவிடும். அது இல்லாத இண்டி கேம்களும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் மலை மலையாகக் கிடக்கின்றன. இண்டி என்பதற்காக மட்டும் எதையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை.

என்கிட்ட இருக்கிறது ஆபீஸ் லேப்டாப். கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எதாவது ஓடுமா?

நிறைய ஓடும். அண்டர்டேல், ஸ்டார்டியூ வேலி, பேப்பர்ஸ் ப்ளீஸ், செலஸ்ட், பாலாட்ரோ எல்லாம் சாதாரண லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும். ஹாலோ நைட் கொஞ்சம் பழைய மெஷினில் திக்கலாம், ஆனால் ஆடலாம். அவுட்டர் வைல்ட்ஸ், டிஸ்கோ எலிசியம் போன்றவற்றுக்கு மட்டும் முன்கூட்டியே தேவைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை. ஸ்டார்டியூ, பேப்பர்ஸ் ப்ளீஸ், பாலாட்ரோ மூன்றும் போனுக்கு வந்துவிட்டன. வாம்பயர் சர்வைவர்ஸ் போனில் இலவசம். ஆபீஸ் லேப்டாப்பில் ஸ்டீம் போடலாமா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் ஐடி டிபார்ட்மென்ட்டிடம் கேளுங்கள்.

எதிலிருந்து தொடங்கட்டும்? ஒரேயடியா பத்து பேரு சொல்லாதீங்க.

எ ஷார்ட் ஹைக். ஆடம் ராபின்சன்-யு என்பவர் 2019-இல் வெளியிட்டது. கிளேர் என்ற பறவைப் பெண் ஒரு போன் காலுக்காகக் காத்திருக்கிறாள். அவள் இருக்கும் தீவில் சிக்னல் இல்லை. மலை உச்சிக்குப் போனால் கிடைக்கும் என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. தங்க இறகு சேரச் சேர இன்னும் உயரம் ஏறலாம். சாவு கிடையாது, தோல்வி கிடையாது, ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

கன்ட்ரோலர் பிடித்தே பழக்கம் இல்லாதவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். வழியில் மீன் பிடிக்கலாம், யாரோ தொலைத்த பொருளைத் தேடிக் கொடுக்கலாம், எதுவும் செய்யாமல் நேராக உச்சிக்கும் போகலாம். எதைச் செய்தாலும் கேம் உங்களைக் குறை சொல்லாது.

இங்கிலீஷ் அவ்வளவா வராது. கதை புரியுமா?

கேமைப் பொறுத்தது. லிம்போ, இன்சைட், கிரிஸ் மூன்றிலும் வசனமே இல்லை. ஹாலோ நைட்டில் பேச்சு உண்டு, ஆனால் புரியாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. பாலாட்ரோவில் ஒவ்வொரு ஜோக்கர் அட்டையிலும் ஒன்றிரண்டு வரிதான்.

அண்டர்டேலின் பாதி ருசி அதன் ஆங்கில நகைச்சுவையில் இருப்பதால், அது போனால் பாதி போச்சு. டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சம் சொற்களுக்கு மேல், அதுவும் திருகலான ஆங்கிலம். அதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

ஸ்டார்டியூ வேலின்னு ஆளாளுக்கு உருகுறாங்களே, அவ்வளவு நல்லா இருக்கா?

முதல் வருஷம் அற்புதம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, புரோகிராம், கதை எல்லாவற்றையும் நாலரை வருஷம் போல உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அதற்குப் பிறகு வந்த பெரிய அப்டேட்டுகள் எல்லாம் இலவசம். 2024-இல் வந்த 1.6-உம் அப்படித்தான். காசு கொடுத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதை காட்டிய கேம் அபூர்வம்.

என் குறை வேறு. காலை ஆறு மணிக்கு எழுந்தால் நள்ளிரவு இரண்டு மணிக்குள் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழுவீர்கள். அந்த ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். இரண்டாவது வருஷத்துக்குள் அந்த 14 நிமிடத்தை எப்படிப் பிழிவது என்று மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. எந்தப் பயிரில் ஒரு நாளைக்கு எவ்வளவு லாபம், எந்த மூலையில் ஸ்பிரிங்க்ளர் என்று எக்செல் திறந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபீஸ் வேலையிலிருந்து தப்பித்துத் தாத்தாவின் தோட்டத்துக்குப் போவதுதான் கதை. போய் அங்கேயும் ஆபீஸ் நடத்துகிறோம்! கேம் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடிகாரம் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அப்புறம், அந்த மீன்பிடிப்பு. பச்சைப் பட்டையை மேலும் கீழும் ஆட்டி மீனைப் பிடிக்கும் அந்த ஆட்டத்தை விரும்புகிறவர்கள் இருக்கலாம். நான் அவர்களில் ஒருவன் இல்லை.

எனக்குக் கை வேகம் பத்தாது. செலஸ்ட் மாதிரி கஷ்டமான கேம் ஒத்து வருமா?

வரும். 2018-இல் மேடி தோர்சன், நோயல் பெர்ரி குழு வெளியிட்ட செலஸ்ட், ஒரு மலை ஏறும் கேம். மேடலின் என்ற பெண் ஏறுகிறாள், விழுகிறாள், சாகிறாள். ஆனால் செத்த அடுத்த கணமே அதே திரையின் தொடக்கத்தில் நிற்பாள். லோடிங் இல்லை, ‘கேம் ஓவர்’ பலகை இல்லை. கோபம் வர நேரமே கிடைக்காது.

அதன் உள்வேலையைக் கொஞ்சம் கவனித்தால் அசந்துபோவீர்கள். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் சில கணம் வரை குதிக்க விடுவார்கள். தரையைத் தொடும் முன்பே பட்டனை அழுத்திவிட்டாலும் அதை நினைவு வைத்து, தொட்டதும் குதிக்க வைப்பார்கள். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் பக்கவாட்டில் நகர்த்தி விடுவார்கள். இதில் எதையும் திரையில் சொல்வதில்லை. நமக்கு ஏதோ கை தேறிவிட்டது போலத் தோன்றும்.

அதுவும் போதாது என்றால் அசிஸ்ட் மோட் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஏறலாம். அதைப் போட்டு ஆடினால் ஆடினதாகக் கணக்கில்லை என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டு ஈபி பில்லை நீங்கள் கட்டுகிறீர்களா என்று கேளுங்கள்.

ஹாலோ நைட்ல மேப்பே இல்ல. பாதி நேரம் எங்க இருக்கேன்னே தெரியல. இது என்ன டிசைன்?

மேப் உண்டு. ஆனால் சும்மா கிடைக்காது. ஒவ்வொரு பகுதியிலும் கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். தரையில் காகிதம் சிதறிக் கிடந்தால், அவர் முனகும் பாட்டுக் கேட்டால், பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கினாலும் அது அரைகுறை மேப். மீதியை நீங்கள் நடந்துதான் நிரப்ப வேண்டும். நிரப்புவதற்கு இறகுப் பேனா தனியாக வாங்க வேண்டும், இளைப்பாறும் பெஞ்சில் போய் உட்கார்ந்தால்தான் புது இடங்கள் வரையப்படும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மேப்பில் தெரிய வேண்டுமானால் அதற்கும் ஒரு தாயத்து. அது, சண்டைக்கு உதவும் வேறொரு தாயத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கேட்கும்போது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டு முதல் முறை காதில் விழும்போது வரும் நிம்மதி, மேப்பை இலவசமாகக் கொடுத்திருந்தால் வந்திருக்காது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி என்ற சின்னக் குழு 2017-இல் செய்தது. முதல் கேள்வியில் பிடிவாதம் என்று சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. வழி தொலைவது பிடிக்காதவர்கள் தாராளமாகக் கைவிடலாம். இதில் வழி தொலைவதுதான் கேமே.

சரி, அப்ப சில்க்சாங்? அதையும் இப்படியே தாங்கிப் பேசுவீங்களா?

அவ்வளவு தாங்க மாட்டேன். ஹாலோ நைட்டின் அடுத்த பாகம் இது. 2019-இல் அறிவித்து, ஆறு வருஷத்துக்கு மேல் காக்க வைத்து, 2025 செப்டம்பர் 4 அன்று வந்தது. அன்று வாங்கப் போனவர்களின் கூட்டத்தில் ஸ்டீமே கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. இதன் நாயகி ஹார்னெட்டின் ஓட்டமும் பாய்ச்சலும் முதல் கேமைவிட அழகு, அதில் சந்தேகமில்லை.

என் புகார் தண்டனையில். உயிரை முகமூடிகளாகக் கணக்கிடும் கேம் இது, பல எதிரிகள் ஒரு அடிக்கு இரண்டைப் பறிக்கிறார்கள். சில இடங்களில் பெஞ்சில் உட்காரவே காசு. பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், செத்தால் அங்கே திரும்பிப் போகும் பாதையே ஒரு பரீட்சை. முதல் கேமில் கஷ்டம் எதையோ கற்றுக் கொடுத்தது. இதில் சில இடங்களில் வெறுமனே நேரத்தைத் தின்கிறது. வெளிவந்த சில நாட்களிலேயே ஆரம்பகட்ட பாஸ்கள் சிலவற்றை அவர்களே கொஞ்சம் இளக்கினார்கள். ஹாலோ நைட்டை முடித்தவர்கள் மட்டும் போங்கள்.

ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன். எது?

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். யோசிக்கவே மாட்டேன்.

1802-இல் கிளம்பிக் காணாமல் போன கப்பல் ஒன்று 1807-இல் ஆளில்லாமல் கரை ஒதுங்குகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரும் யார், ஒவ்வொருவருக்கும் என்ன கதி என்று ஏட்டில் எழுத வேண்டும். கையில் ஒரு மாயக் கடிகாரம். பிணத்தருகே அதைத் திறந்தால் அந்த ஆளின் கடைசிச் சில நொடிகள் காதில் விழும். பிறகு செத்த கணம் அப்படியே உறைந்து நிற்கும். நீங்கள் அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம்.

பெயர்களைப் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். பேச்சின் சாயல், உடுப்பு, யார் யாரோடு சாப்பிட உட்காருகிறார்கள், தொங்கும் படுக்கையில் தைத்திருக்கும் எண் என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அந்த எண் கப்பலின் ஆள் பட்டியலோடு பொருந்துகிறது என்பது ஒரு கட்டத்தில் உறைக்கும்போது, நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் கேம் ‘சரி’ என்று உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது. எல்லாம் பழைய மேக் கம்ப்யூட்டர் திரை போல இரண்டே நிறம். 2018-இல் லூகாஸ் போப் தனியாகச் செய்தது. முடித்துவிட்டால் மறுபடி ஆட முடியாது, விடை தெரிந்துவிட்டதே. மறந்து தொலைக்க முடியவில்லை என்பதுதான் இந்த கேமில் எனக்கிருக்கும் ஒரே வருத்தம்.

அவரோட பேப்பர்ஸ் ப்ளீஸ் வெறும் பாஸ்போர்ட் செக்கிங்தானே? போரடிக்காதா?

ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் உட்கார்ந்து முத்திரை குத்துவதுதான் வேலை, ஆமாம். 2013-இல் வந்தது. எத்தனை பேரைச் சரியாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவுதான் கூலி. அதில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. விதிகள் நாளுக்கு நாள் கூடும்.

ஒருநாள் ஒரு கணவர் வருவார், காகிதமெல்லாம் சரி. போகும்போது, அடுத்து என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள் என்பார். அவளிடம் நுழைவுச் சீட்டு இருக்காது. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து அபராதம். அன்றைக்கு எனக்கு எச்சரிக்கை மீதம் இருக்கிறதா என்றுதான் முதலில் யோசித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை. போப் ஒரு வரி உபதேசம் எழுதவில்லை, சம்பளக் கணக்கை வைத்தே என்னை அப்படி ஆக்கிவிட்டார்.

அவுட்டர் வைல்ட்ஸ் பத்தி எது கேட்டாலும் ‘ஸ்பாய்லர்’னு ஓடிடுறீங்க. வாங்குறதுக்காவது எதாவது சொல்லுங்க.

மொபியஸ் டிஜிட்டல், 2019. சின்ன ஒரு சூரியக் குடும்பம், உங்களிடம் மரப்பலகை வைத்துத் தட்டின ஒரு விண்கலம், 22 நிமிடம். நேரம் முடிந்தால் எல்லாம் முதலிலிருந்து. துப்பாக்கி, லெவல், சக்தி எதுவும் சேராது. சேர்வது உங்களுக்குத் தெரிந்த விஷயம் மட்டும். விஷயம் முழுதும் தெரிந்திருந்தால் முதல் சுற்றிலேயே கேமை முடிக்கலாம். அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறேன்.

பாலாட்ரோ சீட்டாட்டம்தானே? வீட்ல பசங்க கையில குடுக்கலாமா?

போக்கர் கைகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், ஜோடி, ஃப்ளஷ் என்று. ஆனால் பணயம் இல்லை, எதிராளி இல்லை, உள்ளே காசு கட்டும் வழியும் இல்லை. 150 ஜோக்கர்கள் விதியை வளைத்து வளைத்து, இரண்டு நூறு பாயின்ட்டை லட்சக்கணக்கில் ஆக்குவதுதான் ஆட்டம். பெயர் சொல்லாமல் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் 2024-இல் வெளியிட்டார். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேல் என்று முத்திரை குத்தி, மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025-இல் 12 என்று மாற்றினார்கள். எனக்கும் 12 சரியென்றே படுகிறது.

சூது வாடை எதில் அடிக்கிறது என்று கேட்டால் நான் வாம்பயர் சர்வைவர்ஸைத்தான் காட்டுவேன். புதையல் பெட்டியைத் திறந்ததும் வரும் அந்த வெளிச்சமும் சத்தமும் அப்படி. அதைச் செய்த லூகா கலாண்டே முன்பு சூதாட்ட கேம் துறையில் வேலை பார்த்தவர். அங்கே கற்ற கண்கட்டு வித்தையை, காசு பிடுங்காத கேமில் கொட்டியிருக்கிறார். காசு போகாது, ராத்திரித் தூக்கம் போகும்.

வெண்பா நம்ம தமிழ் கேம். அதை ஏன் முதல்ல சொல்லல?

தமிழ் என்பதற்காக முதலில் சொன்னால் அதற்கு நான் செய்யும் மரியாதை குறைவு. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1988-இல் தொடங்குகிறது, கனடாவுக்குப் போன தம்பதி, அங்கே வளரும் மகன். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இடத்துக்கும் போகும் என்பது முதல் புதிர். நம் வீட்டில் கேட்காமலே தெரிந்த விஷயம் உலகம் முழுக்கப் புதிராகப் போனதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம். பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது.

குறை என்றால், புதிர்கள் ரொம்ப இலகு. சமையல் தெரிந்தவர்களுக்கு அது புதிரே இல்லை. ஆனால் வளர்ந்த மகன் அந்தக் குறிப்பேட்டின் முன் நின்று தமிழில் திணறும் இடத்தில், வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் யாரும் இலகு என்று சொல்ல மாட்டார்கள்.

அது ஒன்றரை மணி நேரத்துல முடியுதாமே. அதுக்கு எதுக்குக் காசு? யூடியூப்ல பார்த்துடலாமே?

மணிக்கு இவ்வளவு என்று கேமை நிறுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. நூறு மணி நேரம் ஓடி, அதில் எண்பது மணி கொடி பொறுக்க வைக்கும் பெரிய கேம்களை நிறையப் பார்த்தாயிற்று. விலை உறுத்தினால் விஷ்லிஸ்ட்டில் போட்டு வைத்துத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். ஸ்டீமில் ரூபாயிலேயே விலை, யுபிஐயில் கட்டலாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்றரை மணி நேர கேமை முழுசாக முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

யூடியூப் விஷயத்தில் உண்மையைச் சொல்கிறேன்: சிலவற்றுக்கு அது போதும். கிரிஸை அப்படிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டீர்கள், அதன் அழகு முழுக்கக் கண்ணுக்குத்தான். ஓப்ரா டின்னையும் அவுட்டர் வைல்ட்ஸையும் பார்த்தால் மொத்தமும் போச்சு, காரணம் மேலேயே இருக்கிறது.

எல்லாரும் கொண்டாடி உங்களுக்குப் பிடிக்காதது எதாவது?

கப்ஹெட். 1930-களின் கார்ட்டூன் போலக் கையாலேயே வரைந்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி ரசிக்கலாம். ஆனால் ஆடும்போது ரசிக்கவே முடியாது, கண் தோட்டாக்களிலேயே இருக்கும். செலஸ்ட் கண்ணுக்குத் தெரியாமல் கை கொடுக்கும் என்றேனே, இது நேர் எதிர்.

டேவ் த டைவர் இண்டி விருதுக்குப் போச்சே. அது இண்டியா?

இல்லை என்பேன். செய்தது மின்ட்ராக்கெட், அது தென்கொரியாவில் தொடங்கிய பெரிய நிறுவனமான நெக்ஸானின் கிளை. 2023-இல் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த இண்டி பட்டியலில் அதைச் சேர்த்தபோது பலர் முகம் சுளித்தார்கள். கேம் நன்றாகத்தான் இருக்கிறது. பகலில் கடலுக்குள், இரவில் சுஷி கடை. ஆனால் போகப் போகத் தோட்டம், மீன் பண்ணை என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போவார்கள். எதையும் விட மனசில்லாத ஒரு மீட்டிங் ரூம் அதில் தெரிகிறது.

ஒரே ஆள் செஞ்சார், நாலு வருஷம் கஷ்டப்பட்டார்னு உருகுறது கொஞ்சம் ஓவரா இல்லையா?

ஓவர்தான். ஸ்டார்டியூ பற்றி மேலே எழுதும்போது நானே அந்த வரியைப் போட்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். எரிக் பரோன் அந்த வருஷங்களில் ஒரு தியேட்டரில் பகுதி நேர வேலை பார்த்தார், கூட வாழ்ந்தவரின் சம்பளமும் தாங்கியது. அப்படித் தாங்க ஆள் இல்லாதவர்களின் கேம்கள் பாதியில் நின்றுபோயிருக்கும். அவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது. கஷ்டம் கேமை நல்லதாக்குவதில்லை. ஒரே ஆள் செய்த மோசமான கேம்களும் வண்டி வண்டியாக இருக்கின்றன.

டிஸ்கோ எலிசியத்தை உருவாக்கினவங்களே கம்பெனியில இல்லையாமே. இப்ப வாங்குறது சரியா?

எஸ்டோனியர்கள் தொடங்கிய ஸாஅம் நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. சண்டையே இல்லாத துப்பறியும் கேம், உங்கள் மூளைக்குள் இருக்கும் 24 திறன்களும் ஆளுக்கொரு குரலில் உங்களோடு வாதாடும். தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸும் வேறு சில முக்கியமானவர்களும் நிறுவனத்தில் இல்லை, அதுவும் விருப்பப்பட்டுப் போகவில்லை என்ற செய்தி 2022-இல் வெளிவந்தது. பிறகு வழக்கு, இரு தரப்பிலும் குற்றச்சாட்டு.

கேமில் இருப்பது அவர்கள் இருந்தபோது எழுதியது. அதனால் ஆங்கிலம் ஒரு தடையில்லை என்றால் ஆடுங்கள், இதைப் போல எழுதப்பட்ட கேம் வேறு இல்லை. காசு யாருக்குப் போகிறது என்பது உறுத்தினால் நல்ல தள்ளுபடி வரும்வரை பொறுங்கள். அந்த நிறுவனத்தின் அடுத்த கேமைப் பழைய பெயரை நம்பி முன்பதிவு மட்டும் செய்ய மாட்டேன். மேலே சொன்ன அந்த இரண்டு மணி நேரத்தை முழுசாகப் பயன்படுத்திவிட்டுத்தான் வைப்பதா திருப்புவதா என்று பார்ப்பேன்.